பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும்முன் சேசிஸ் எண்ணைப் படிப்பது எப்படி?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் விலைக்கு வருகிறது என்றால், அது பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றில்தான் மலையேறி வந்திருக்கும். தோட்டக்காரர் ஒருவர் ஆசைக்கு வாங்கி, நாலு ஞாயிற்றுக்கிழமை கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிவிட்டுக் கொட்டகையில் நிறுத்திய வண்டியாக இருக்கலாம். வெலிங்டனுக்கு மாற்றலாகி வந்த ராணுவ அதிகாரியோடு வந்த வெளிமாநிலப் பதிவு வண்டியாக இருக்கலாம். இல்லையென்றால் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ நாலைந்து கை மாறி, ஒரு புரோக்கரின் கைப்பேசிப் படங்கள் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்ததாக இருக்கலாம். எந்த வழியில் வந்தாலும் அதோடு ஒரு கதையும் கூடவே வரும். அந்தக் கதையைச் சரிபார்க்க நம்மிடம் இருக்கும் முதல் கருவி, காரின் உலோகத்தில் பொறிக்கப்பட்ட, எழுத்தும் இலக்கமுமாக 17 இடங்கள் கொண்ட சேசிஸ் எண்.

இந்த எண்ணைப் பிறப்புச் சான்றிதழ் என்றே கருத வேண்டும். கார் எங்கே, எந்த ஆண்டுக்கான மாடலாக, எந்த வகை உடலோடும் எஞ்சினோடும் பிறந்தது என்பதை அது சொல்லும். பிறகு எத்தனை முறை மோதியது, எந்த வெள்ளத்தில் நின்றது என்பதைச் சொல்லாது. எண்ணின் பொருளைப் படிக்கப் பத்து நிமிடம் போதும். அந்த எண் அந்தக் காருக்கே உரியதுதானா என்று உறுதிசெய்ய அரை நாள் வேண்டும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதைச் செய்துவிட்டு, இரண்டாவதைச் செய்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்.

படிக்கத் தொடங்கும் முன் ஒரு சிறு ஏற்பாடு தேவை. விற்பவர் தொலைபேசியில் எண்ணை வாசிக்கும்போது "பி" என்றால் ஆங்கில வரிசையின் இரண்டாம் எழுத்தா, பதினாறாம் எழுத்தா என்பது காதுக்குத் தெரியாது. "டி" என்றால் நான்காவதா, இருபதாவதா என்பதும் அப்படியே. ஆகவே இரண்டாவதைப் பம்பாய்-பி என்றும், பதினாறாவதைப் பழனி-பி என்றும், நான்காவதை டெல்லி-டி என்றும், இருபதாவதைத் தஞ்சை-டி என்றும் சொல்லும்படி கேட்டுக்கொள்வது என் வழக்கம். இங்கும் அப்படியே எழுதுகிறேன். ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்துகள் இந்த எண்ணில் எங்குமே வராது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பிவிடக்கூடும் என்பதால் அவற்றை விதியே விலக்கிவிட்டது. எழுதிக் கொடுத்த எண்ணில் ஓ இருந்தால் அது பூஜ்யமாக இருக்க வேண்டும். உலோகத்திலேயே ஓ இருந்தால் அந்தக் காரை விட்டு விலகிவிடலாம்.

17 இடங்களும் மூன்று துண்டுகளாகப் பிரியும். முதல் மூன்று இடங்கள் தயாரிப்பாளரைக் குறிப்பவை. 4 முதல் 9 வரை காரின் வகையை விவரிப்பவை. 10 முதல் 17 வரை அந்தத் தனிக் காரை அடையாளம் காட்டுபவை. ஐ.எஸ்.ஓ. 3779 என்னும் சர்வதேசத் தரம் இந்த அமைப்பை வகுக்கிறது. அமெரிக்காவில் 1981 மாடல் ஆண்டிலிருந்து 17 இடங்கள் கட்டாயமாயின. அதற்கு முந்தைய கார்களில் ஒவ்வொரு கம்பெனியும் தன் போக்கில் குட்டையான எண்களை இட்டது; ஆகவே தோட்டத்து பங்களாக்களில் இன்னும் மூடி வைத்திருக்கும் பழைய எம்.ஜி., ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்றவற்றுக்கு இங்கே சொல்லும் கணக்கு எதுவும் பொருந்தாது.

முதல் மூன்று இடங்களில் எம்-ஏ முதல் எம்-இ வரை தொடங்குபவை இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டவை. எம்-ஏ-தஞ்சை-டி டாட்டா, எம்-ஏ-1 மஹிந்திரா, எம்-ஏ-3 மாருதி. நாம் பார்க்கப் போகும் கார்கள் பெரும்பாலும் முழுதாக இறக்குமதியானவை என்பதால் வேறு எழுத்துகள் வரும். டபிள்யூ-பழனி-பி-0 போர்ஷே, டபிள்யூ-பம்பாய்-பி-ஏ பி.எம்.டபிள்யூ.; அதன் எம் பிரிவுக் கார்களுக்கு டபிள்யூ-பம்பாய்-பி-எஸ்; ஃபெராரிக்கு இஸட்-எஃப்-எஃப்; அமெரிக்க ஃபோர்டு கார்களுக்கு 1-எஃப்-ஏ. இங்கே ஒரு பொதுவான தவறு நடக்கிறது. ஆடி டிடி காரின் எண் தஞ்சை-டி-ஆர்-யூ என்று தொடங்குவதைப் பார்த்து, "ஜெர்மன் கார் என்றால் டபிள்யூ-வில்தானே தொடங்க வேண்டும், இது போலி" என்று ஒருவர் நல்ல காரைக் கைவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கார் ஹங்கேரியின் கியோர் நகரில் முடிக்கப்பட்டது. அதனால் அந்த எழுத்துகள்தான் சரி. இதற்கு நேர்மாறாக, பி.எம்.டபிள்யூ. இஸட்4-இன் மூன்றாம் தலைமுறை ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் கட்டப்பட்டாலும் டபிள்யூ-பம்பாய்-பி-ஏ என்றே தொடங்கும். முதல் தலைமுறை அமெரிக்காவின் ஸ்பார்ட்டன்பர்க் ஆலையிலிருந்து வந்தது; அதில் அமெரிக்கச் சந்தைக்கான கார்களின் எண் 4-யூ-எஸ் என்று தொடங்கும். முதல் மூன்று இடங்கள் யார் பொறுப்பில் தயாரானது என்பதைச் சொல்கின்றன. ஆலை எந்த ஊரில் என்பதை எப்போதும் சொல்வதில்லை.

இரண்டாம் துண்டு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். போர்ஷே காரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவுக்கு வெளியே விற்கப்பட்ட 911 ஒன்றின் எண் டபிள்யூ-பழனி-பி-0 என்று தொடங்கி, பிறகு மூன்று இஸட், பிறகு 99, மீண்டும் ஓர் இஸட், பிறகு 9, எஸ், 7 என்று போகிறது என்று வையுங்கள். இஸட் நான்கும் வெறும் நிரப்பு எழுத்துகள். 7, 8 ஆகிய இடங்களில் உள்ள 99-ஐயும் 12ஆம் இடத்தில் உள்ள 7-ஐயும் சேர்த்துப் படித்தால் 997 என்னும் தலைமுறை எண் கிடைக்கும். அதே முறையில் 98-உம் 6-உம் சேர்ந்தால் முதல் தலைமுறை பாக்ஸ்டர். 11ஆம் இடம் ஆலை: எஸ் என்றால் ஸ்டுட்கார்ட், யூ என்றால் ஃபின்லாந்தின் ஊசிகௌபுங்கி. பாக்ஸ்டரில் யூ இருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். 1997 முதல் 2011 வரை பல பாக்ஸ்டர்கள் அங்கேதான் கட்டப்பட்டன. ஃபோர்டு மஸ்டாங்கில் 8ஆம் இடம் எஞ்சினைச் சொல்லும். 2015 மாடலிலிருந்து எஃப் என்றால் 5.0 லிட்டர் வி8, ஹெச் என்றால் 2.3 லிட்டர் டர்போ. 2016இல் இந்தியாவில் ஃபோர்டு விற்கத் தொடங்கிய அந்தத் தலைமுறை மஸ்டாங் வி8 மட்டுமே. ஆகவே ஹெச் கண்ணில் பட்டால், அந்தக் கார் எந்த வழியாக நாட்டுக்குள் வந்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

9ஆம் இடம் தனியாகப் பேச வேண்டியது. வட அமெரிக்கச் சந்தைக்கான கார்களில் அது சரிபார்ப்பு இலக்கம்; மற்ற 16 இடங்களிலிருந்தும் கணக்கிட்டு வருவது. எழுத்துகளை முதலில் எண்களாக்க வேண்டும்: ஏ முதல் ஹெச் வரை 1 முதல் 8, ஜே முதல் ஆர் வரை 1 முதல் 9, இடையில் ஓ, க்யூ இல்லாததால் 6-உம் 8-உம் தாண்டிப் போகும், எஸ் முதல் இஸட் வரை 2 முதல் 9. பிறகு ஒவ்வொரு இடத்தையும் அதற்குரிய எடையால் பெருக்க வேண்டும். 17 எடைகள் வரிசையாக 8, 7, 6, 5, 4, 3, 2, 10, 0, 9, 8, 7, 6, 5, 4, 3, 2. பெருக்கியவற்றைக் கூட்டி 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் 9ஆம் இடத்தில் இருக்க வேண்டும். மீதி 10 என்றால் எக்ஸ் இருக்கும். பழகிப் பார்க்க எளிய வழி, 17 இடங்களிலும் 1 என்று எழுதிக்கொள்வது. கூட்டுத்தொகை 89, 11-ஆல் வகுத்தால் மீதி 1, 9ஆம் இடத்திலும் 1 இருப்பதால் கணக்கு சரி. இப்போது கடைசி 1-ஐ மட்டும் 7 என்று தவறாகப் படித்ததாக வையுங்கள். கூட்டுத்தொகை 101 ஆகிறது, மீதி 2, கணக்கு உடைந்துவிட்டது. ஒரே ஓர் இடம் பிசகினாலும் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும் என்பதே இதன் பயன்.

ஆனால் ஐரோப்பா முதலிய பிற சந்தைகளுக்கான எண்களில் இந்தக் கணக்கு கட்டாயமில்லை. மேலே பார்த்த போர்ஷேயில் 9ஆம் இடத்தில் இஸட் இருப்பதும் அதனால்தான். இந்தியாவில் உள்ள பல கார்களின் எண்ணை அமெரிக்க இணையதளம் ஒன்றில் இட்டால் "செல்லாத எண்" என்று வரும். அதை நம்பி விற்பவரிடம் சண்டைக்குப் போகக் கூடாது. அமெரிக்க அமைப்பில் உள்ள எண்ணுக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

10ஆம் இடத்தில்தான் பணம் இருக்கிறது. பல கார்களில் அது மாடல் ஆண்டு. 2001 முதல் 2009 வரை 1 முதல் 9. 2010 ஏ, 2011 பம்பாய்-பி, 2012 சி, 2013 டெல்லி-டி, 2014 இ, 2015 எஃப், 2016 ஜி, 2017 ஹெச், 2018 ஜே, 2019 கே, 2020 எல், 2021 எம், 2022 என், 2023 பழனி-பி, 2024 ஆர், 2025 எஸ். யூ, இஸட், பூஜ்யம் இந்த இடத்தில் ஆண்டுக் குறியாக வராது. 30 ஆண்டுக்கு ஒருமுறை எழுத்துகள் திரும்பி வருவதால் ஏ என்பது 1980-ஆகவும் இருக்கலாம். காரைப் பார்த்தாலே அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மாடல் ஆண்டும் நாட்காட்டி ஆண்டும் ஒன்றல்ல. ஐரோப்பியக் கம்பெனிகள் அடுத்த ஆண்டின் மாடலை முந்தைய ஆண்டின் நடுவிலேயே கட்டத் தொடங்கிவிடும். நம் ஆர்.சி.யில் இருப்பது தயாரிப்பு மாதமும் ஆண்டும். எண்ணில் இருப்பது மாடல் ஆண்டு. ஆர்.சி.யில் 2012 அக்டோபர் என்றும் 10ஆம் இடத்தில் 2013-க்கான டெல்லி-டி என்றும் இருந்தால் அது இயல்பு. தலைகீழாக, ஆர்.சி.யில் 2013 என்றும் எண்ணில் 2011-க்கான பம்பாய்-பி என்றும் இருந்தால், அந்த முரண்பாடு எப்படி வந்தது என்பதற்கு விற்பவரிடம் பதில் இருக்க வேண்டும். மீண்டும் போர்ஷே 911-ஐயே பாருங்கள். 2008இன் பிற்பகுதியில் பதிவான காரில் 10ஆம் இடம் 8 என்றால், டர்போ, ஜிடி3 போன்றவை நீங்கலாக, இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் தேய்ந்து உடைந்தால் எஞ்சினையே காவு வாங்கக்கூடிய பழைய வகை. 9 என்றால் அந்த பேரிங்கே இல்லாத, நேரடி எரிபொருள் செலுத்தும் புதிய எஞ்சின். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே கார். ஒற்றை இலக்கம் சில லட்சங்களைத் தீர்மானிக்கிறது.

போர்ஷேயின் 12ஆம் இடம் போன்ற விதிவிலக்குகள் நீங்கலாக, கடைசி ஆறு இடங்கள் வரிசை எண். அதில் படிக்க ஒன்றுமில்லை.

இனி அரை நாள் வேலை. எண் காரில் பொதுவாக மூன்று இடங்களில் இருக்கும்: டிரைவர் கதவுத் தூணில் ஒட்டிய லேபிள், பல கார்களில் முன்கண்ணாடியின் அடியில் தெரியும் தகடு, உடலின் உலோகத்தில் நேரடியாகப் பொறித்த எண். லேபிளும் தகடும் வாங்கி ஒட்டக்கூடியவை. உலோகத்தில் உள்ளதுதான் சாட்சி. பி.எம்.டபிள்யூ. கார்களில் பானெட்டைத் திறந்தால் சஸ்பென்ஷன் டவர் பக்கம் தெரியும். எஞ்சின் பின்னால் உள்ள போர்ஷே கார்களில் முன்பக்கச் சாமான் பெட்டியின் உறையை விலக்கித் தேட வேண்டியிருக்கும். இடம் எது என்று விற்பவருக்கே தெரியாமல் இருப்பது சகஜம். காட்ட மறுப்பது சகஜமில்லை.

மழையோ மூடுபனியோ இல்லாத காலை நேரத்தில் போங்கள். ஒரு டார்ச், மெல்லிய வெள்ளைத் தாள், மென்மையான பென்சில், உலர்ந்த துணி போதும். எண்ணைத் துடைத்துவிட்டுத் தாளை இறுக்கிப் பிடித்து, பென்சிலைச் சாய்த்து லேசாகத் தேய்த்தால் 17 இடங்களும் வெள்ளையாக எழும்பும். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொடுக்கும் படிவம் 28, 29, 30-க்குக் கேட்கும் அதே பென்சில் பிரிண்ட்தான். ஆனால் அங்கே அது சடங்கு, இங்கே அது பரிசோதனை. நல்ல பொறிப்பில் எழுத்துகளின் உயரமும் இடைவெளியும் ஆழமும் ஒரே சீராக இருக்கும். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு 8 மட்டும் பக்கத்து 3-ஐவிட ஆழமாக இறங்கியிருக்கிறதா, எழுத்துகளுக்குப் பின்னால் இணையான மெல்லிய கோடுகள் தெரிகின்றனவா என்று தேடுங்கள். அந்தக் கோடுகள் கிரைண்டரின் தடம். கண்ணுக்குத் தெரியாமல் பெயிண்டுக்குள் மறைந்திருப்பதைப் பென்சில் வெளியே கொண்டுவந்துவிடும். பிறகு விரல் நுனியால் எண்ணைச் சுற்றித் தடவி, வெல்டிங் மேடோ பட்டி பூசிய வழவழப்போ இருக்கிறதா என்று பாருங்கள். திருட்டுக் காரில் பழைய காரின் எண் உள்ள உலோகத் துண்டையே வெட்டி ஒட்டுவது நாட்டில் பழக்கமான வேலை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் போன்ற பேரிடர்களுக்குப் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிகள் டோட்டல் லாஸ் என்று கழித்து விற்கும் கார்களில், காரைவிட அதன் எண்ணுக்கும் ஆர்.சி.க்கும் கிராக்கி இருப்பது இதனால்தான்.

மலைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் தேவாலா, கூடலூர் பக்கத்திலோ இரண்டு பருவமழையும் எட்டிப்பார்க்கும் குன்னூரிலோ பல ஆண்டு நின்ற காரில், எண் உள்ள இடம் துருவேறி மங்கியிருக்கலாம். துரு ஒழுங்கில்லாமல் குழி குழியாகத் தின்னும், சுற்றியுள்ள உலோகத்தையும் சேர்த்தே தின்னும். மனிதக் கை நேர்கோட்டில், எண் உள்ள இடத்தை மட்டும் தேய்க்கும். இந்த வேறுபாட்டைப் பார்க்கப் பழகிவிட்டால் நேர்மையான பழைய காரைச் சந்தேகப்பட்டு இழக்க மாட்டீர்கள். எண் மறுபடி பொறிக்கப்பட்டது என்று விற்பவர் சொன்னால், பதிவு அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதியைக் கேளுங்கள். வாய்மொழி எதற்கும் உதவாது.

எழுத்துப் பிழைகளும் ஏமாற்றுக்கு நிகரான தொல்லை தருபவை. சில ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய இரண்டு இருக்கை கார் ஒன்றில் உலோகத்தில் 8 இருந்தது, ஆர்.சி.யில் எவரோ அதைப் பம்பாய்-பி என்று தட்டியிருந்தார்கள். நான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன், பார்த்தும் கவனிக்கவில்லை. மனம் எதிர்பார்ப்பதைத்தான் கண் படிக்கிறது. பெயர் மாற்றத்தின்போது அது வெளிப்பட்டு, முதலில் பதிவான வேறு மாவட்டத்து அலுவலகத்துக்கும் ஊட்டிக்குமாக இரண்டு மாதத்துக்கு மேல் அலைந்தேன். அன்றிலிருந்து ஒருவர் உலோகத்திலிருந்து, பின்னாலிருந்து முன்னாக, ஒவ்வோர் எழுத்தாக வாசிக்க, மற்றவர் ஆர்.சி.யில் விரல் வைத்துச் சரிபார்ப்பது என்று வைத்திருக்கிறேன். பின்னாலிருந்து வாசித்தால் மனம் ஊகிக்க வழியில்லை.

எண் மூன்று இடத்திலும் ஒத்துப்போனால், காரின் மற்ற பாகங்கள் அதற்குச் சாட்சி சொல்கின்றனவா என்று பார்க்கலாம். சீட் பெல்ட்டின் அடிப்பகுதியில் தைத்த லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கும். கண்ணாடிகளிலும் ஆண்டுக் குறி இருக்கும். ஒரே ஒரு கண்ணாடி மட்டும் பிந்தையது என்றால் கல் பட்டிருக்கலாம், ஒரு பக்கம் முழுவதும் பிந்தையது என்றால் அந்தப் பக்கம் மோதியிருக்கிறது. ஆடி முதலிய ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் டிக்கிக்குள் ஒரு தரவு லேபிள் ஒட்டியிருக்கும். அதில் சேசிஸ் எண்ணோடு எஞ்சின், கியர்பாக்ஸ், பெயிண்ட் குறிகளும் இருப்பதால், நிறம் மாற்றிய காரை உடனே கண்டுகொள்ளலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. துளையில் நல்ல ஸ்கேனரைச் செருகினால், எஞ்சின் கம்ப்யூட்டர் தன் நினைவில் உள்ள சேசிஸ் எண்ணைக் காட்டும். அது வேறாக இருந்தால் திருட்டு என்று முடிவு கட்ட வேண்டாம்; கம்ப்யூட்டரை மாற்றியிருக்கலாம். ஏன் மாற்றினார்கள் என்பதற்கு பில் இருக்க வேண்டும். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற டிராக்குகளில் ஓட்டுவதற்காக மாற்றியமைத்த கார்களில் எஞ்சினே வேறாக இருப்பதும் உண்டு. அப்போது எஞ்சின் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாது, அப்படியே வாங்கினால் பெயர் மாற்றமும் இன்சூரன்சும் சிக்கும்.

காகிதங்களில், பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணை இட்டுக் கடன், இன்சூரன்ஸ், தகுதி நிலையைப் பார்த்துவிடலாம். பல சேவைகளுக்கு சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து இடங்களைக் கேட்கும், அதை உலோகத்தில் படித்தபடி இடுங்கள். அது ஏற்றுக்கொண்டால் அதுவே ஒரு சோதனை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் அந்த எண் திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடலாம். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் முழு எண்ணைக் கொடுத்தால் சர்வீஸ் விவரமும், நிலுவையில் உள்ள ரீகால் வேலையும் தெரியவரும். வெலிங்டன் வண்டிகளைப் போல வெளிமாநிலப் பதிவாக இருந்தால் தடையில்லாச் சான்றான என்.ஓ.சி.யில் உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, அதற்கான சாலை வரி வாங்குகிறவர் தலையில்தான் விழும்.

தனியார் இறக்குமதி என்றால் சுங்கத்துறையின் இறக்குமதி ஆவணமான பில் ஆஃப் என்ட்ரி இல்லாமல் பேச்சையே தொடங்காதீர்கள். அதில் உள்ள எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தேதியையும் 10ஆம் இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய காரை இறக்குமதி செய்வதானால், தயாரித்து 3 ஆண்டுக்கு மேற்படாத, வலப்பக்க ஸ்டியரிங் உள்ள காரையே கொண்டுவரலாம் என்பது பொது விதி. வின்டேஜ் கார்களுக்குத் தனி விதி. 2006 மாடல் கார் 2014இல் துறைமுகத்தில் இறங்கியதாகக் காகிதம் சொன்னால் கணக்கு உதைக்கிறது. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை, பூட்டான் வழியாகச் சட்டவிரோதமாக வந்ததாகக் கருதப்பட்ட கார்களைத் தேடிப் பல இடங்களில் சோதனை நடத்தி வண்டிகளைப் பறிமுதல் செய்தது. நாடுகாணியைத் தாண்டினால் கேரளம் என்பதால், அப்படிப்பட்ட கார் மலிவாக நம் பக்கம் ஒதுங்க அதிக நேரம் ஆகாது.

இவ்வளவும் சரியாக இருந்தால் அட்வான்ஸ் கொடுக்கலாம். விற்பனை ஒப்பந்தத்தில் சேசிஸ் எண்ணை ஆர்.சி.யைப் பார்த்து எழுதாமல் உலோகத்தைப் பார்த்து எழுதி, பென்சில் பிரிண்ட் எடுத்த தாளை அதே பக்கத்தில் ஒட்டி, பாதி ஒப்பந்தத்திலும் பாதி ஒட்டிய தாளிலுமாக விழும்படி விற்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.